பெயர் சொல்லாத வீடு

முருகன் துணை

மேல்விஷாரம்
7.10.2024, திங்கள்

மதிப்பிற்குரிய டைரக்டர் ஹேமந்த் சாருக்கு,

தீபலட்சுமி எழுதிக்கொள்வது. உங்கள் படத்தில் பிணமாகப் படுத்தவரின் மனைவி. கட்டின புருஷனை மாலை போட்டுப் படுக்க வைத்திருப்பதைப் பார்க்க மனசு இல்லாமல் நான் ஷூட்டிங்குக்கு வரவில்லை. அதனால் என் முகம் உங்களுக்குத் தெரியாது.

உங்கள் போனுக்கு எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். படத்தை வெட்டி ஒட்டும் வேலை முடிகிறவரை போனைத் தொட மாட்டீர்கள் என்று உங்களுக்கு வேன் ஓட்டிய சர்தார் பாஷா அண்ணன் சொன்னார். ஏலகிரி விலாசத்தைத் தந்தவரும் அவர்தான். கடிதம் போட்டால் கட்டாயம் பதில் எழுதுவீர்களாம்.

முதலில் ஒப்படைக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்கள் விட்டுப் போனது வெள்ளை வேட்டி ஒன்று, பித்தளைச் சொம்பு ஒன்று, மைக் ஒட்டுகிற கறுப்பு டேப் ஒரு சுருள். வேட்டியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பிறத்தியார் பொருளை வீட்டில் தங்க விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் நாங்கள் உங்களிடம் அனுப்பியதில் ஒன்று இன்னும் வந்து சேரவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை.

ஆள் வீட்டில்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார், டேனரிக்குப் போகிறார், தோல் ஊறுகிற டிரம்மைச் சுற்ற விடுகிறார், வருகிறார். ஆனால் நான் “ஏங்க” என்றால் திரும்புவதில்லை. மகள் நந்தினி “அப்பா” என்றால், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் போல என்று பின்பக்கம் பார்க்கிறார். தெருப் பிள்ளைகள் விளையாட்டுக்கு “சம்பந்தம்!” என்று கத்தினால் மட்டும் சட்டென்று நிற்கிறார்.

சம்பந்தம் என்பது உங்கள் படத்தில் அவருக்கு வைத்த பெயர் மட்டும் இல்லை. எங்கள் பின் தெருவில் வாழ்ந்த மனுஷன். டேனரி கழிவுத் தொட்டியில் விழுந்து போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவர் சம்சாரம் தாயாரம்மாள் அக்காவை அவர் வீட்டிலேயே உட்கார வைத்து, அவர் கட்டிலிலேயே என் வீட்டுக்காரரைப் படுக்க வைத்து நீங்கள் படம் எடுத்தீர்கள்.

இன்னொன்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டியது. டேனரி ஆளுக்கு உடம்பில் ஒரு வாடை உண்டு. எந்த சோப்புக்கும் போகாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் துணிக்குத் தனி பக்கெட் வைத்திருக்கிறேன். அந்த வாடைக்காக நான் பேசாத பேச்சு இல்லை. உங்கள் ஷூட்டிங்கிலிருந்து வந்த அன்றிலிருந்து அது இல்லை. தலையணையில் இல்லை, சட்டையில் இல்லை. பக்கெட்டில் துணி ஊறுகிற தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது.

சினிமாவில் பிணமாகப் படுத்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடித்துப் பூசணிக்காய் சுற்றி உடைத்தால்தான் தோஷம் போகும் என்று சர்தார் பாஷா அண்ணன் சொல்கிறார். மெட்ராஸில் பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் வண்டி ஓட்டியவர். நீங்கள் அதைச் செய்யவில்லையாம். தயவுசெய்து ஒரு நாள் வந்து செய்து கொடுங்கள். பூசணிக்காய் நான் வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தீபலட்சுமி


ஏலகிரி மலை
15.10.2024

அன்புள்ள தீபலட்சுமி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் என் மேசைக்கு வந்து நான்கைந்து நாள் ஆகிறது. சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. என் வேலை முறையைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது என்பதால் தாமதித்தேன்.

நான் கதை எழுதிக்கொண்டு போகிறவன் இல்லை. நடந்த ஒன்றை, நடந்த இடத்திலேயே, அதை அனுபவித்தவர்களை வைத்தே மறுபடி நடக்க விடுகிறேன். மொத்தம் நான்கு பேர் எங்கள் குழு. மேக்கப், ஒத்திகை, இரண்டாவது டேக் எதுவும் கிடையாது. ஒப்பாரி வைக்க வந்த பெண்களிடம் “சம்பந்தத்துக்காக அழாதீர்கள், உங்கள் வீட்டில் போனவர்களுக்காக அழுங்கள்” என்று மட்டும் சொன்னேன். அவர்கள் அழுத அழுகையில் என் ஒலிப்பதிவுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். கட்டிலில் யார் படுக்கலாம் என்று தாயாரம்மாளையே கேட்டேன். டேனரி விட்டு வந்த ஆண்களையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், உங்கள் கணவரைக் கை காட்டினார்.

படப்பிடிப்பு நாட்களில் எல்லோரையும் படத்துப் பெயரால்தான் கூப்பிட வேண்டும், டீ கொடுக்கும்போதுகூட. அது என் சட்டம். கேமராவை வாசல்படியில் வைத்து ஓட விட்டுவிட்டு நாங்களும் கிளம்பிவிடுவோம். மெமரி கார்டு நிறைந்து அதுவாக நின்றால்தான் நிற்கும். “கட்” என்ற சொல்லை நான் எந்தப் படத்திலும் சொன்னதில்லை. அதைச் சொன்ன நொடியில் நடித்தவர் முகத்தில் ஒரு விடுதலை வரும் பாருங்கள், அதுவரை அவர் செய்ததெல்லாம் பொய் என்று அது காட்டிக் கொடுத்துவிடும். நடிப்பு என்பது திரும்பி வரத் தெரிந்த பொய். எனக்கு அது வேண்டாம். பிணம் எழுந்து சிரிக்கிற ஷாட்டையும் அதனால்தான் எடுப்பதில்லை. எப்போது எழுந்திருப்பது என்பதை உங்கள் கணவரிடமே விட்டோம். மறுநாள் காலையில் போய்க் கேமராவை எடுத்துக்கொண்டோம்.

பயப்படாதீர்கள். சிலருக்கு இரண்டு மூன்று மாதம் இப்படி இருந்திருக்கிறது. வீட்டில் பழையபடி பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிடச் சரியாகிவிடும். நான் சொல்லாத “கட்”டை அவரவர் வீடு சொல்லிவிடும்.

அந்தக் கட்டில் ஷாட் நான் இதுவரை எடுத்ததிலேயே சிறந்தது என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஹேமந்த்


முருகன் துணை

மேல்விஷாரம்
22.10.2024

டைரக்டர் சாருக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். நான் எட்டாவதோடு நின்றவள், மிச்சமெல்லாம் பக்தி மலரிலும் பேப்பரிலும் படித்துக் கற்றதுதான். ஆனாலும் நீங்கள் எழுதியது நன்றாகவே புரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சரியாகிவிடும் என்கிறீர்கள். யார் கூப்பிடுவது?

எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்ல ஆள் இல்லை சார். மாமனார் மாமியார் இல்லை, கூடப் பிறந்தவர் இல்லை. டேனரியில் மேஸ்திரி. தெருவில் நந்தினி அப்பா. நான் சொல்ல மாட்டேன். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ரேஷன் கடையில் கேட்டால்கூட நந்தினியை விட்டுச் சொல்லச் சொல்வேன். ரத்தினகிரி முருகனுக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கினால் நட்சத்திரம் மட்டும்தான் சொல்வேன். ஆள் யாரென்று முருகனுக்குத் தெரியாதா? இத்தனை வீட்டுக்குள் போய்ப் படம் எடுக்கிறீர்கள், இது உங்களுக்குத் தெரியாமல் போனது எப்படி?

சர்தார் பாஷா அண்ணன் வந்து வாசலில் நின்று அவர் பெயரை உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தார். திரும்பவில்லை. “தோஸ்த், பேஜார் பண்ணாதப்பா” என்று தோளைத் தொட்டார். “நீங்க யாரைத் தேடறீங்க?” என்று மரியாதையாகக் கேட்டாராம் எங்கள் வீட்டுக்காரர். அண்ணன் அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை.

இப்போது புதிதாக ஒன்று. டேனரி விட்டதும் நேராக வீட்டுக்கு வருவதில்லை. பின் தெருவுக்குப் போகிறார். நான் ஒரு நாள் பின்னாலேயே போனேன். தாயாரம்மாள் அக்கா வீட்டு வாசலில் நின்று இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் செருமினதே கிடையாது. கதவு திறந்தே இருந்தது. போய் அந்தக் கட்டிலில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

நான் உள்ளே போய், “இன்னாக்கா இது?” என்றேன்.

அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தார். “கத்தாதடி. தூங்குறாரு.”

“யாரு தூங்குறாரு? எம் புருஷன்கா அது.”

“உன் புருஷன் செருமினு வருவாரா? செருப்ப நடைக்கு வெளிய ஜோடி சேர்த்து வெப்பாரா? எனக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் கூப்பிடலடி. அவரா வர்றாரு. சோறு வெக்கிறேன், தொட மாட்டேங்குறாரு. கொஞ்ச நேரம் படுக்குறாரு, போய்டறாரு.”

“அக்கா, உங்க வீட்டுக்காரர் போய்…”

“போய்ட்டாருன்னு சொன்னாங்க. நான் பாத்தனா? துணியில சுத்திக் குடுத்தாங்க, மூஞ்சியக் காட்டல, பாக்குற மாதிரி இல்லன்னாங்க. இந்த வாட்டிதான்டி முகத்தைப் பாத்து அழுதேன்.”

கட்டிலை ஒரு தரம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒருக்களித்து, வாயைத் திறந்து தூங்குகிறவர். அவர் மல்லாந்து, கையை மார்பில் வைத்துப் படுத்திருந்தார். நீங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரி.

பெரிய மனசு வைத்து வாருங்கள்.

தீபலட்சுமி


ஏலகிரி மலை
4.11.2024

தீபலட்சுமி அக்காவுக்கு,

தீபாவளிக்கு முன்பே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். யோசித்து, சரியாகச் சொல்லுங்கள்.

கட்டில் ஷாட் எடுத்த அன்று உங்கள் கணவர் எந்த நேரத்துக்கு வீடு வந்தார்?

ஏன் கேட்கிறேன் என்றால், அந்த ஷாட்டை நான் தினமும் பார்க்கிறேன். இவ்வளவு நாளும் முன்பாதியை மட்டும்தான் வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அழுகை, பெண்கள் எழுந்து போவது, தாயாரம்மாள் விளக்கை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவது. அதற்கு மேல் வெறும் கட்டில், வெறும் ஆள். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் மீதியையும் ஓட விட்டேன். உதட்டில் ஒரு ஈ வந்து உட்கார்ந்து, மெல்ல மூக்கு வரை நடக்கிறது. அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. மார்பில் வைத்த கை ஏறி இறங்கவில்லை. பெரிய நடிகர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு வெளிச்சம் மங்குகிறது. பள்ளிவாசலில் சாயங்காலப் பாங்கு கேட்கிறது, முதலில் பக்கத்தில், பிறகு தூரத்துப் பள்ளிவாசல்களில். முழுவதும் பதிவாகியிருக்கிறது. பாங்கு முடிகிறபோதும் அவர் படுத்திருக்கிறார். முற்றிலும் இருட்டிய பிறகும் படுத்திருக்கிறார். வேட்டியின் வெள்ளை மட்டும் தெரிகிறது. கார்டு நிறைந்து நிற்கிறவரை எழவே இல்லை.

அவர் இரவு வெகுநேரம் கழித்து வந்தார் என்று நீங்கள் எழுதினால் எனக்கு நிம்மதி.

இன்னொன்று. அவர் பெயரைச் சொல்லி நானே ஒரு முறை கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். என் தாள்களில் எங்கே தேடினாலும் “சம்பந்தம்” என்றுதான் இருக்கிறது. கையெழுத்து வாங்கிய இடத்திலும் அப்படியே போட்டிருக்கிறார். என் சட்டத்தை நானே அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறேன். உங்கள் கணவரின் பெயர் எனக்குத் தெரியாது, அக்கா. எழுதி அனுப்ப முடியுமா?

ஹேமந்த்


முருகன் துணை

மேல்விஷாரம்
11.11.2024

டைரக்டர் தம்பிக்கு,

அன்றைக்கு ஆவணிக் கிருத்திகை. காலையில் ரத்தினகிரி ஏறிவிட்டு வந்து நாள் பூராவும் விரதம். சாயங்காலம் பாங்கு ஆரம்பித்தால் நான் திரியை ஏற்றுவேன். இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் கடிகாரம். விளக்கில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன், பாங்கு ஓடிக்கொண்டிருந்தது, அவர் உள்ளே வந்தார். காலைக் கழுவிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். ரசம் சாதம் போட்டேன். “ஷூட்டிங்கு எப்டி?” என்று கேட்டேன். “முடியல” என்றார். களைப்பில் முடியவில்லை என்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் அன்றைக்கு நான் சோறு போட்ட ஆள் யார்? உங்கள் கட்டிலில் இருட்டில் படுத்திருந்தவர் யார்? இதை எழுதும்போது பின்னால் திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தீபாவளியன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். விடியலில் தலைக்கு எண்ணெய் வைத்தேன். அடக்கமாக உட்கார்ந்திருந்தார், பிறத்தியார் வீட்டில் உட்காருகிறவர் மாதிரி. நந்தினி புதுத் துணியோடு வந்து காலில் விழுந்தாள். அவள் தலையில் கை வைத்து, பாசமாகத்தான், “நல்லா இரு. உன் பேர் இன்னா பாப்பா?” என்று கேட்டார்.

நந்தினி அழவில்லை. எழுந்து உள்ளே போய்ப் புதுத் துணியைக் கழற்றிவிட்டுப் பள்ளிக்கூட யூனிபார்மைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அதைப் பார்த்தாலாவது தெரியும் என்று நினைத்தாளாம். சம்பந்தத்துக்குப் பிள்ளை இல்லை தம்பி. இருந்திருந்தால் நந்தினி வயசுக்கு மேலேயே இருக்கும்.

நேற்று தாயாரம்மாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “அந்த டைரக்டரை வரவெக்கப் போறியாமே. சிரிக்க வெச்சு முடிச்சுடுவாங்களாமே” என்றார்.

“ஆமாக்கா.”

“வேணாம் தீபா. ராத்திரிக்கு உன் வீட்டுலதான படுக்குறாரு, உன் கையாலதான திங்குறாரு? எனக்குச் சாயங்காலம் கொஞ்ச நேரம் போதும்டி. உனக்கு இன்னா கம்மியாய்டுச்சு?”

எனக்கு என்ன கம்மி என்று நானும் யோசித்தேன். எதிர்த்துப் பேசாத, குடிக்காத, வாடை இல்லாத மனுஷன். எத்தனையோ பேர் வேண்டிக்கொள்கிற புருஷன். “எம் பொண்ணு பேர் தெரியலக்கா அவருக்கு” என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டே போய்விட்டார்.

பெயர் கேட்டீர்கள். எழுதவும் கை வரவில்லை. சொன்னால் அவர் ஆயுசுக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் ஆளே இல்லை. இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்திவிட்டு நீங்கள் மலைமேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

தீபலட்சுமி


ஏலகிரி மலை
18.11.2024

அக்கா,

நேற்று ஒரு காரியம் செய்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக, திரையில் அந்தக் கட்டிலைப் பார்த்து “கட்” என்று சொன்னேன். மெதுவாகச் சொல்லி, பிறகு கத்தினேன். தோட்டக்காரர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். திரையில் ஒன்றும் மாறவில்லை. என் குரலுக்கு அங்கே அதிகாரம் இல்லை.

திரும்பி வராத உண்மை வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசியவன் நான். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். எழுந்திருக்கும் நேரத்தை அவரவரிடம் விட்டுவிடுவதைப் பெரிய மரியாதை என்றும் சொல்லியிருக்கிறேன். இருட்டில் ஒரு மனிதரைக் கட்டிலோடு விட்டுவிட்டு நாங்கள் பரோட்டா சாப்பிடப் போனோம் என்பதுதான் அங்கே நடந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை புறப்பட்டு வருகிறேன். ஆனால் நான் வந்தும் பயன் இருக்குமா என்று தெரியவில்லை. கேமரா இருந்த இடம் வாசல்படி. அவர் எழுந்து சிரித்தால் அந்த இடத்தைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும். அங்கே கேமரா இருக்க வேண்டுமென்று எனக்கு இப்போது தோன்றவில்லை. அவரை வீட்டுக்குக் கூட்டிப் போக வந்த ஒருவர் நிற்க வேண்டும்.

உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

ஹேமந்த்


ஏலகிரி மலை
25.11.2024

அக்கா,

வெள்ளிக்கிழமை வருவதாக எழுதியிருந்தேன். பஸ் நிறுத்தம் வரை வந்து திரும்பிவிட்டேன். பயம்தான், வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

நேற்று ஞாயிறு. சாயங்காலம் அந்த ஷாட்டை ஓட விட்டிருந்தேன். இப்போதெல்லாம் அணைக்க மனம் வருவதில்லை, அவரைத் தனியாக விடுவது போல இருக்கிறது. அழுகை முடிந்தது. பெண்கள் போனார்கள். ஈ வந்தது. பாங்கு ஆரம்பித்தது. பாங்குக்கு நடுவில் ஒரு பெண் குரல் கேட்டது.

இத்தனை வாரமாக அந்த இடத்தில் வெறும் பாங்கு மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு சத்தமும் எனக்கு மனப்பாடம். கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில், கேமரா இருக்கிற இடத்திலிருந்தே வருகிற மாதிரி, ஒரு பெண் கூப்பிடுகிறார். முதலில் “ஏங்க.” பிறகு “நந்தினிப்பா.” பிறகு மூச்சு வாங்குகிற சத்தம். அதன் பிறகு ஒரு பெயர்.

கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறந்தார். தலையைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார், வாய் அசைந்தது, ஒலியில் அது இல்லை. சிரித்தார். எழுந்து, கேமராவை நோக்கி நடந்து வந்து, அதைத் தாண்டிப் போய்விட்டார். மீதிக்கு வெறும் கட்டில்.

திரும்ப ஓட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பெயர் இப்போது எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். நேற்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஹேமந்த்


முருகன் துணை

மேல்விஷாரம்
29.11.2024, வெள்ளி

அன்புள்ள ஹேமந்த் தம்பிக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அந்தக் குரல் என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை பூராவும் உங்களுக்காகப் பார்த்திருந்தேன். வரவில்லை என்றதும் இனி யாரையும் எதிர்பார்த்துப் பிரயோஜனம் இல்லை என்று புரிந்தது. ஞாயிறு காலையில் ரத்தினகிரி போனேன். இந்தத் தடவை அர்ச்சனைச் சீட்டு வாங்கவில்லை. “ஆயுசுக் கணக்கு உன்னுடையது. கூப்பிடுகிற வேலை என்னுடையது. உன் வேலையை நீ பார்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

சாயங்காலம் நந்தினியையும் கூட்டிக்கொண்டு பின் தெருவுக்குப் போனேன். தாயாரம்மாள் அக்கா மறிக்கவில்லை. சுவரோரம் நகர்ந்து நின்றார். என் வீட்டுக்காரர் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். நான் வாசல்படியில் நின்றேன். அங்கேதான் கேமரா இருந்தது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

பாங்கு ஆரம்பித்தது. “ஏங்க” என்றேன். “நந்தினிப்பா” என்றேன். அசையவில்லை. ஒரு ஈ உதட்டில் நடந்தது, தம்பி. நானும் பார்த்தேன். நந்தினி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் உள்ளேயே வைத்திருந்ததை வெளியே எடுப்பது லேசு இல்லை. முருகா என்று மூச்சை இழுத்து,

“ஜெயப்பிரகாஷ்” என்றேன்.

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், பிறகு நந்தினியைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல எங்கள் வீட்டு முகமாக ஆனது. “இன்னாடி, வாத்தியாரம்மா மாதிரி அட்டெண்டன்ஸ் எடுக்குற?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஒலியில் இல்லை என்றீர்களே, அவர் சொன்னது இதுதான்.

நடந்து வந்து என் பக்கத்தில் நின்றபோது முதலில் எனக்கு வந்தது அந்த வாடைதான். சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை. மூச்சு முட்ட முட்ட இழுத்துக்கொண்டேன். “நந்தினி, பசிக்குதுடி, ஆயிரம் வருஷம் தூங்கினாப்ல இருக்கு” என்றார். அவள் அப்போதுதான் அழுதாள்.

படி இறங்கும்போது தாயாரம்மாள் அக்கா என் கையைப் பிடித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“பேர் சொன்னா திரும்புவாங்களாடி?” என்று கேட்டார்.

நந்தினியை அவள் அப்பாவோடு முன்னால் அனுப்பினேன்.

“அன்னிக்கு நான் அங்கதான்டி இருந்தேன். சோத்துத் தூக்கு எடுத்துனு போனேன். தொட்டி ஓரமா வழுக்குற எடத்துல நடந்து போறாரு, என் கண்ணு முன்னால. நான் ‘ஏங்க ஏங்க’ன்னு கத்துறேன். அங்க இருந்த ஆம்பள எல்லாரும் யாரோ ஒருத்திக்கு ‘ஏங்க’தான? நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க. அவர் திரும்பல. பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆயுசு குறைஞ்சிடுமேன்னு முழுங்கிட்டேன்.”

அந்தக் கையை எப்படி விடுவித்துக்கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை.

ஆயிற்று. சொம்பும் டேப்பும் இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகின்றன, சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேட்டியை மட்டும் அனுப்பவில்லை. தாயாரம்மாள் அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் இனிமேல் எப்படிப் படம் எடுப்பீர்களோ, அது உங்கள் பாடு. ஆனால் யாரையாவது படுக்க வைத்தால், எழுப்பி வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போங்கள். கூப்பிட வீட்டில் ஆள் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

முடிக்கும் முன் ஒன்று. நேற்றுச் சாயங்காலம் திரியை ஏற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்து நந்தினியோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார். பாங்கு முடிந்து தெரு அமைதியானபோது பின் தெருவிலிருந்து தாயாரம்மாள் அக்கா குரல் கேட்டது. ஒரே ஒரு தரம், கணீரென்று, “சம்பந்தம்” என்று கூப்பிட்டார்.

நான் சட்டென்று இவரைப் பார்த்தேன். இவர் திரும்பவில்லை. காயைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாடா என்று தீப்பெட்டியை வைத்தேன்.

அப்போது அந்த வீட்டு வாசல் பக்கம் யாரோ இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்கள்.

நான் எட்டிப் பார்க்கவில்லை தம்பி. அது என் வீட்டு விஷயம் இல்லை. விளக்கில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஜெ. தீபலட்சுமி